தாடியை அடகு வைத்த கவர்னர்

ஜன்னல் இல்லாத கேபின்தான் இருப்பதிலேயே மலிவு. வணிகவியல் படித்தவன் வேறு எதை எடுப்பான்? அதனால் 2019 கடைசியில் ஒரு நாள் காலை ஆறே முக்காலுக்கு ஒலிபெருக்கி கரகரத்து "டையூ வந்துவிட்டது" என்று சொன்னபோது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கேபின் சுவர்தான். மேல்தளத்துக்கு ஓடினோம். அங்கேயும் ஊரைக் காணோம். தூரத்தில் பழுப்பாக ஒரு கோடு, அதன்மேல் வெள்ளையாக ஏதோ ஒரு புள்ளி. அவ்வளவுதான் டையூ.

மும்பைக்கு வந்து அப்போது பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. எலிஃபண்டா போகிற படகைத் தவிர வேறு எதிலும் ஏறியதில்லை. மாதுங்கா நண்பர் ஒருவர் கப்பல் பயணம் போய் வந்து புகைப்படங்களாகக் காட்டியதில் தங்கமணிக்கும் ஆசை வந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலம் மும்பையில் ஏறி, ராத்திரி முழுக்க வடமேற்காகப் போய், பகலில் டையூவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். எட்டாவது படிக்கும் மகளுக்குக் கப்பலில் இருந்த நீச்சல்குளம் மட்டும் போதுமாக இருந்தது. எனக்குக் கரையில் கிடைக்கப்போகும் ஏழு மணி நேரத்தில்தான் ஆர்வம். தெரியாத ஊரில் ஏழு மணி நேரம் என்பது சரித்திரப் பைத்தியங்களுக்குப் பெரிய சொத்து.

இத்தனை பெரிய கப்பல் அணைகிற ஆழம் டையூ கரையில் கிடையாது. கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்க, சின்னப் படகுகளில் தவணை தவணையாக ஆளை இறக்குகிறார்கள். கடைசிப் படகு நாலரைக்கு, தவறவிட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்று மூன்று முறை சொன்னார்கள். கப்பல்காரர்கள் விற்ற சுற்றுலாவைத் தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். ஜெட்டியை விட்டு வெளியே வந்ததும் ஒரு ஆட்டோக்காரர் "ஆயியே ஷேட்!" என்றார். தமிழ்நாட்டில் "சேட்டு" என்றால் யார் என்று உங்களுக்கே தெரியும். அடகுக் கடை வைத்திருப்பவர். என்னைப் பார்த்து ஒருவர் சேட் என்கிறாரே என்று தங்கமணி ஊர் திரும்பும்வரை சிரித்தாள்.

ஆட்டோக்காரர் ஊரின் பெயரை "தீவ்" என்றார். குஜராத்தியில் அப்படித்தான். சமஸ்கிருத "த்வீப"த்திலிருந்து வந்த சொல். நாம் தீவு என்கிறோமே, அதுவும் அதே வேர்தான். ஆக, இந்த ஊரின் பெயரே தீவு. சௌராஷ்டிரத்தின் தென்கோடியில், ஒரு சின்னக் கடல்கால்வாய் மட்டும் நிலத்திலிருந்து பிரிக்கிற தீவு. வழியில் இன்னொரு அதிசயமும் பார்த்தோம். ஹோக்கா என்று ஒரு பனை. நம் பனை மாதிரியே விசிறி ஓலை, ஆனால் தண்டு பாதியில் இரண்டாகப் பிரிந்து, அதுவும் மறுபடி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவனுக்குக் கிளைவிட்ட பனையைப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஆட்டோவை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தீவுக்காக ஏன் அத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்பது வரைபடத்தைப் பார்த்தால் புரியும். அந்தக் காலத்தில் குஜராத்தின் பெரிய வணிக நகரம் காம்பே என்கிற கம்பாத். அது வளைகுடாவின் உள்மூலையில் இருக்கிறது. அங்கே கடலின் ஏற்ற வற்றம் மிக அதிகம், மணல் திட்டுகளும் அதிகம். பெரிய கப்பல்கள் உள்ளே போவது ஆபத்து. டையூ வளைகுடாவின் வாசலில் இருக்கிறது. செங்கடலுக்கும் ஹோர்முஸுக்கும் மலாக்காவுக்கும் போகிற துணிச்சரக்கு இங்கே கப்பல் மாறியது. குஜராத் சுல்தானிடம் அடிமையாக இருந்து கவர்னராக உயர்ந்த மலிக் அயாஸ் என்பவர்தான் 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைப் பெரிய துறைமுகமாக ஆக்கினார். கடலுக்குள் ஒரு காவல் கோபுரம் எழுப்பி, இரவில் வாய்க்காலின் குறுக்கே இரும்புச் சங்கிலி கட்டி வைத்தாராம். இன்றும் அந்த இடத்தில் தண்ணீருக்கு நடுவே "பானி கோட்டா" என்று ஒரு சின்னக் கோட்டை, கப்பல் மாதிரியே நிற்கிறது. இப்போது இருப்பது போர்ச்சுகீசியர் கட்டியது.

போர்ச்சுகீசியர் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1509 பிப்ரவரி 3-ந் தேதி டையூ அருகே நடந்த கடற்போரில் அல்மேய்தா, எகிப்தின் மாம்லுக் கடற்படையையும் அதோடு சேர்ந்து நின்ற குஜராத், கோழிக்கோடு படகுகளையும் உடைத்தார். இந்துமாக்கடல் யாருக்கு என்பதில் அது ஒரு திருப்புமுனை. ஆனால் ஊர் கிடைக்கவில்லை. 1531-ல் பெரிய படையோடு வந்தும் தோற்றுத் திரும்பினார்கள். 1535-ல் சண்டையே இல்லாமல் கிடைத்தது. ஹுமாயூனிடம் தோற்று ஓடி வந்த சுல்தான் பகதூர் ஷா, உதவி கிடைக்கும் என்று நம்பிக் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார். ஹுமாயூன் திரும்பிப் போனதும் கொடுத்ததை நினைத்து வருந்தினார். 1537 பிப்ரவரியில் போர்ச்சுகீசிய கவர்னரின் கப்பலுக்குப் பேசப் போனவர், திரும்புகையில் நடந்த கைகலப்பில் கடலிலேயே இறந்தார். யார் முதலில் கத்தியை எடுத்தார்கள் என்பதில் இரு தரப்பும் வேறு வேறு கதை சொல்கின்றன. 1538-ல் துருக்கியக் கடற்படை வந்து முற்றுகையிட்டுக் கைவிட்டுப் போனது.

கோட்டைக்கு வருவோம். மூன்று பக்கம் கடல். நிலப்பக்கம் பாறையை வெட்டி இறக்கிய அகழி. உள்ளே பீரங்கிகள் சில கடலைப் பார்த்து, சில எங்கேயும் பார்க்காமல் கிடக்கின்றன. கலங்கரை விளக்கத்தடியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. இரண்டாம் முற்றுகையின்போது, 1546-ல், இந்த மதில்களில் பெரும்பகுதி தரையோடு தரையாக இருந்தது.

அந்த முற்றுகையை நடத்தியவர் கோஜா சஃபர். சூரத் கோட்டையைக் கட்டியவர் அவர்தான். வசந்தத்தில் தொடங்கி மழைக்காலம் முழுக்க அடித்தார்கள். அவரே ஒரு பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். மகன் ரூமி கான் தொடர்ந்தார். கோட்டைக்குள் பெண்கள் கல்லும் மண்ணும் சுமந்து மதில் அடைத்தார்கள். ஆகஸ்டில் ஒரு கொத்தளத்துக்குக் கீழே சுரங்கம் தோண்டி வெடி வைத்தார்கள். மேலே நின்றவர்கள் வானத்துக்குப் பறந்தார்கள். அவர்களில் ஒருவன் பெர்னாண்டோ. கோவாவில் கவர்னராக இருந்த ஜொவாவ் டி காஸ்ட்ரோவின் இளைய மகன். அப்பாதான் உதவிப் படையோடு அவனை முன்னால் அனுப்பி வைத்திருந்தார்.

காஸ்ட்ரோ சாதாரண சிப்பாய் இல்லை. கணிதம் படித்தவர். கோவாவிலிருந்து டையூவரை கடற்கரையை வரைந்து, துறைமுகம் துறைமுகமாகக் காந்த ஊசியின் விலகலை அளந்து எழுதி வைத்தவர். பக்கத்தில் இரும்புப் பீரங்கி இருந்தால் ஊசி தப்பாகக் காட்டும் என்று முதலில் கவனித்துச் சொன்னவர்களில் ஒருவர். அப்படிப்பட்டவர் நவம்பரில் பெரும்படையோடு வந்து இறங்கி முற்றுகையை உடைத்தார். ரூமி கானும் அந்தச் சண்டையில் இறந்தார்.

வெற்றி பெற்றாயிற்று. கோட்டை இல்லை. கஜானாவில் காசும் இல்லை. இங்கேதான் நம்ம டிபார்ட்மெண்ட் வருகிறது :-)

அந்த நவம்பரிலேயே கோவா நகரசபைக்குக் காஸ்ட்ரோ ஒரு கடிதம் எழுதினார். கோட்டையைத் திரும்பக் கட்ட 20,000 பர்தாவ் கடன் வேண்டும். (பர்தாவ் என்பது நம் "பிரதாப"தான் என்கிறார்கள். விஜயநகரத்தில் அரை வராகனுக்குப் பிரதாபம் என்று பெயர். அது போர்ச்சுகீசியர் வாயில் இப்படி ஆயிற்று.) ஈடாகக் கொடுக்கத் தங்கமோ வெள்ளியோ தட்டுமுட்டோ தன்னிடம் இல்லை என்றார். முதலில் மகன் பெர்னாண்டோவின் எலும்புகளையே தோண்டி எடுத்து அடகாக அனுப்ப நினைத்திருக்கிறார். புதைத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததால் உடல் எடுக்கிற நிலையில் இல்லை. ஆகவே, தன் தாடி மயிரை வெட்டி அனுப்பினார். இதுதான் என் ஈடு என்று.

மகளுக்கு இதைச் சொன்னதும் "ச்சீ" என்றாள். பிறகு, "எலும்பு, சீரியஸாவா?" என்று கேட்டாள். சீரியஸாகத்தான்.

பத்தொன்பது வருடமாகக் கடன் மனுக்களைப் படிக்கிறேன். ஈடு என்று ஒன்று வந்தால் நாங்கள் பார்ப்பது மூன்று விஷயம். அது இவருக்குச் சொந்தமா? சந்தையில் என்ன விலை? கடன் நின்றுபோனால் எடுத்து விற்க முடியுமா? தாடி முதல் கேள்வியில் மட்டும் பாஸ். வில்லங்கச் சான்றிதழ் தேவையே இல்லை :-) மற்ற இரண்டில் பூஜ்யம். இந்த ஃபைல் என் மேஜைக்கு வந்திருந்தால் மேலிடத்துக்கு அனுப்பக்கூட எனக்குத் தைரியம் வந்திருக்காது. ஆனால் கோவா நகரசபை பணம் அனுப்பியது. தாடியையும் திருப்பி அனுப்பிவிட்டது.

வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் அசரவேயில்லை. காத்தியவாரில் மீசை மயிர் ஒன்றைப் பிடுங்கி வணிகரிடம் அடகு வைத்த கதைகள் எத்தனையோ உண்டாம். மூட்டை மூட்டையாகப் பணம் கொடுத்தார்களாம். நம் ஊரில் "பாதி மீசையை எடுத்துக்கறேன்" என்று சவால் விடுவார்களே, அதன் கடன்பத்திர வடிவம். வாங்குகிறவனுக்கு அது ஒரு மயிர். கொடுக்கிறவனுக்கு அதற்குமேல் ஒன்றும் கிடையாது. ஈட்டின் மதிப்பு கடன் கொடுத்தவன் பக்கம் இல்லாமல் வாங்கியவன் பக்கம் மட்டும் இருக்கிற விசித்திரமான ஏற்பாடு.

நெஞ்சைத் தொடுகிற கதைதான். ஆனாலும் ஒரு பேங்க்காரனுக்கு முழுக்க நம்பத் தோன்றாது. கோவாவின் வணிகர்கள் ஒரு தாடியைப் பார்த்து உருகிப் பையை அவிழ்த்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அவர்களின் பிழைப்பே கடலை அடைத்து வசூலிப்பதில்தான் இருந்தது. அரபிக்கடலில் ஓடுகிற எந்தக் கப்பலும் "கர்த்தாஸ்" என்ற அனுமதிச் சீட்டை அவர்களிடம் வாங்க வேண்டும். சீட்டு இல்லாத கப்பல் கொள்ளைப் பொருள். குஜராத் கப்பல்கள் டையூ வழியாகப் போய்ச் சுங்கம் கட்ட வேண்டும் என்று சீட்டிலேயே எழுதியிருக்கும். 1546-க்குப் பிறகு அந்தச் சுங்க வருமானம் படிப்படியாக அவர்கள் கைக்கே முழுவதும் வந்தது. இந்தியாவில் அவர்களுக்கு இருந்த பெரிய வருமானங்களில் டையூ சுங்கச்சாவடியும் ஒன்று. டையூ போனால் எல்லாம் போகும் என்று கோவாக்காரர்களுக்குத் தெரியும். உண்மையான ஈடு தாடி இல்லை, சுங்கச்சாவடி. அந்தச் சுங்கத்தைக் கட்டியவர்கள் யார்? கம்பாத்திலும் சூரத்திலும் துணி ஏற்றிய குஜராத்தி வணிகர்கள். தங்களைக் கட்டிப்போடுகிற கோட்டைக்குத் தாங்களே அசலும் வட்டியும் கட்டினார்கள். வெற்றிக்குப் பிறகு காஸ்ட்ரோவின் கப்பல்கள் குஜராத் கரையோர ஊர்களை எரித்துக்கொண்டே போயின என்பதும் தாடிக் கதையைச் சொல்கிறவர்கள் அதிகம் சொல்லாத விஷயம்.

காஸ்ட்ரோ 1548 ஜூனில் கோவாவில் இறந்தார். வைஸ்ராய் பட்டம் வந்த கொஞ்ச நாளில். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் புனித சவேரியார். ஆமாம், நம் முத்துக்குளித்துறைக் கரையில் ஊர் ஊராக நடந்தாரே, அவரேதான்.

இந்தக் கதையில் இன்னொரு துண்டு இருக்கிறது. 1651-ல் லிஸ்பனில் காஸ்ட்ரோவின் வாழ்க்கை வரலாறு ஒன்று வெளியாகி, தாடிக் கதையைப் புகழ்பெற வைத்தது. அந்த மரபில் வந்த நூல்கள் கோவாப் பெண்கள் தங்கள் நகைகளையும் கழற்றி அனுப்பினார்கள் என்றும், அவர் தொடாமல் திருப்பி அனுப்பினார் என்றும் சொல்கின்றன. எவ்வளவு நிஜம், எவ்வளவு அலங்காரம் என்பதை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடுகிறேன். என்னை உறுத்தியது வேறு. அந்த மூன்றில் விற்றுக் காசாக்கக்கூடிய ஒரே ஈடு நகைதான். எலும்புக்கும் தாடிக்கும் பெயர் இருக்கிறது. நகை கொடுத்தவர்கள் ஒருவர் பெயரும் இல்லை.

மதிய வெயிலில் செயின்ட் பால் சர்ச் வாசலில் உட்கார்ந்து இளநீர் குடிக்கும்போது அம்மாவின் சங்கிலி ஞாபகம் வந்தது. ஆறு பவுன், இரட்டை வடம். 1997-ல் என்னை பி.காம். சேர்க்க எங்கள் ஊர் சேட்டுக் கடையில் வைத்தார்கள். அப்பா அப்போது சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "என் வார்த்தைதான் ஈடு, ரெண்டு வருஷத்துல மீட்டுடறேன்." வார்த்தை அப்பாவுடையது. சங்கிலி அம்மாவுடையது. தீப்பெட்டித் தொழில் படுத்ததில் அப்பாவின் சம்பளம் பாதியானது. வட்டி கட்டி, வட்டி கட்டி, கடைசியில் அதுவும் முடியவில்லை. சேட்டு நல்ல மனிதர்தான். மூன்று தரம் கடிதம் போட்டார். சட்டப்படி செய்ய வேண்டியதைத்தான் செய்தார். அப்பாவின் சொல்லைப் பற்றி இன்றும் சொந்தத்தில் பெருமையாகப் பேசுவார்கள். வெறும் கழுத்தோடு அம்மா எத்தனை கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தாள் என்று யாரும் பேசியதில்லை. நானும்தான்.

நான் இன்று நகைக்கடனில் கையெழுத்துப் போடுகிறவன். அப்ரைசர் உரசிப் பார்த்து எடை சொல்லும்போது, கவுண்டருக்கு வெளியே மனைவி நிற்பாள், பாரத்தில் கணவன் பெயர் இருக்கும். பல முறை பார்த்திருக்கிறேன். டையூவில் உட்கார்ந்துதான் அதைப் பார்த்ததாகவே உணர்ந்தேன்.

சாப்பாடு முடிந்து மிச்சமிருந்த நேரத்தில் ஊருக்குள் சுற்றினோம். வணிகர் தெருக்களில் மரவேலைப்பாடு செய்த பழைய வீடுகள் சில நிற்கின்றன. கடலை இழந்த டையூ வணியாக்கள் சும்மா இருக்கவில்லை. 1686-ல் அவர்களின் "மஜானெஸ்" கம்பெனிக்கு மொசாம்பிக் வியாபாரத்தின் ஏகபோக உரிமை கிடைத்தது. மஜானெஸ் என்பது மகாஜனம்தான், நம் வாயிலும் புழங்குகிற சொல். ஜம்புசரில் நெய்த துணி ஆப்பிரிக்காவுக்குப் போகும். அங்கே துணிதான் நாணயம். திரும்பும்போது யானைத் தந்தம் வரும். குஜராத்தில் கல்யாணப் பெண்களின் வளையலுக்கு. கூடவே அடிமைகளும் வந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1777 வரை அந்த ஏகபோகம் ஓடியது. கணக்குப் புத்தகம் வைத்திருந்தவன் பீரங்கி வைத்திருந்தவனுக்கே கடன் கொடுத்துக்கொண்டிருந்தான்.

1961 டிசம்பர் 19-ல் போர்ச்சுகீசியக் கொடி இறங்கியது. 426 வருடம்! முந்தின நாள் நம் ஐ.என்.எஸ். டெல்லி கடலிலிருந்து இந்தக் கோட்டையைச் சுட்டிருக்கிறது. பத்து வருடம் கழித்து, 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கியின் தாக்குதலில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் முல்லா கப்பலோடு போனார். கடலைப் பார்த்த ஒரு மேட்டில் கண்ணாடிக்குள் குக்ரியின் மாதிரியை வைத்திருக்கிறார்கள். அங்கே நாங்கள் படம் எடுக்கவில்லை. மகள்தான் வேண்டாம் என்றாள்.

நாலு மணிக்கு ஜெட்டியில் வரிசை. ஆட்டோக்காரருக்குப் பேசியதற்குமேல் நூறு கொடுத்தேன். "ஷேட்" என்றதற்காக இருக்கலாம். படகில் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே மகள் கேட்டாள்.

"அப்பா, ஆச்சியோட செயின் கடைசில என்ன ஆச்சு?"

"மூழ்கிப் போச்சும்மா."

அவள் படகின் விளிம்பில் எட்டிப் பார்த்தாள். "எந்தக் கடல்ல?"

தங்கமணி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மும்பையில் வளர்ந்த பிள்ளை. மீட்காத நகை மூழ்கும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கப்பல் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அடகு, வட்டி, சீட்டு, கெடு, ஏலம். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ ஆச்சிக்கு யாரு கடிதம் போட்டா?" என்றாள். கடிதங்கள் அப்பா பெயருக்குத்தான் வந்தன.

கேபினுக்குப் போய்க் கோவில்பட்டிக்கு போன் போட்டுப் பார்த்தேன். கடலுக்கு நடுவில் சிக்னல் எங்கே கிடைக்கும்? மறுநாள் மும்பைத் துறைமுகத்தில் பெட்டிக்காக நிற்கும்போதுதான் லைன் கிடைத்தது. "சாப்பிட்டியாடா?" என்றாள் அம்மா.